சாட்சி சொன்ன வாய்

அத்தியாயம் 14

கண்டியில் டொக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன விஷயத்தை விஜிதா ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். மகள் நிரஞ்சனிக்கு மட்டும் தெரியும். யாருக்கு முதலில் தெரிய வேண்டுமோ அந்த மனுஷனுக்குத் தெரியாது.

புருஷன் தர்சனின் வயிற்றுக் கட்டி திரும்ப வளர்ந்துவிட்டது. ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி மருந்து ஏற்றிப் பிரயோசனமில்லை, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த தர்சன், "என்னவாம் விஜி?" என்று கேட்டான். "எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டாள் விஜிதா. அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. அவன் இரண்டு கையையும் உயர்த்தி, நடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி "ஸ்தோத்திரம்" என்றான்.

தர்சனைப் பற்றி, இந்த வாரம்தான் கதைக்குள் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவன். குடி கிடையாது, சண்டை கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வழியில் ஒரு டயர் வெடித்தால், வீட்டுக்கு வந்து சொல்லும்போது அது இரண்டாகிவிடும். போன வருஷக் கடைசியில் மருந்து ஏற்றியபோது, கட்டி சுருங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, கட்டி கரைந்துபோய்விட்டது என்று தர்சன் சாட்சி சொன்னான்.

விஜிதாவுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. சுருங்கியதற்கும் கரைந்ததற்கும் நடுவில் கொஞ்சம் விசுவாசம்தானே என்று நினைத்தாள். அன்றைக்கு எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியவள் அவள்தான்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் தர்சனைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய், வயிற்றைத் தட்டிக் காட்டிச் சாட்சி சொல்லிவிட்டு வருவான். கண்டிக்கு மருந்து ஏற்றப் போவது தானாகவே நின்றுவிட்டது. பாஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. சோறு இறங்காமல், சட்டை தொளதொளத்துப் போனபோதும், "ஸ்கேன் எடுத்துக் காட்டினா இன்னும் நாலு பேர் நம்புவாங்க" என்ற ஆசையில்தான் தர்சன் கண்டிக்கு வரச் சம்மதித்தான்.

இது போன வாரத்துக் கதை. இந்த வாரத்துக் கதை வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, பக்கத்துக் காம்பரா நல்லம்மாவோடு வந்தது.

பலாபத்வலைக்கு மேலே மிளகும் கொக்கோவும் போட்ட தோட்டம் அது. வரிசை வீடுகளான லயத்தில் இவர்களுக்கும் நல்லம்மா குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் எடுத்து வைக்கலாம். விஜிதா வேலைக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கிற வாசனைத் தோட்டமொன்றில், எண்ணெய்ப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிற வேலை. வழுக்கையில் மயிர் முளைக்கும், மூட்டுவலி பறந்து போகும் என்றெல்லாம் அந்த லேபல்களில் எழுதியிருக்கும்.

"விஜி, தம்பியக் கொஞ்சம் வரச் சொல்லுடி" என்றாள் நல்லம்மா. காம்பராவுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்பின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மனுஷன் விடிய விடிய அனத்துறாரு. தம்பி வந்து கை வச்சா அடங்கும்னு சொல்றாரு."

"காலு எப்பிடிக்கா இருக்கு?"

நல்லம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்த முந்தானையிலிருந்தே வாடை அடித்தது.

தர்சன் உள்ளே இன்னும் எழும்பவில்லை. அவனை எழுப்பாமல் விஜிதா மட்டும் போனாள்.

நல்லம்மாவின் புருஷன் இருளாண்டி, இந்த லயத்திலேயே சபைக்காரர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தவர். விஜிதா வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கினால் அங்கே ரேடியோ அலறத் தொடங்கும். "அல்லேலூயா பஸ் கிளம்பிருச்சு, ஏறுறவங்க ஏறுங்க" என்று இஸ்தோப்பில் நின்று கூவுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தர்சன் எழும்பி நடமாடியதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒரு நாள் சத்தமில்லாமல் சபையின் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். சேர்ந்தவர் சும்மா சேரவில்லை. எதைச் செய்தாலும் அடிமுட்டச் செய்கிற ஆள். சீனி வருத்தத்துக்கு நல்லம்மா காலையில் போடுகிற இன்சுலின் ஊசியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். மிளகுக் கொடி வெட்டும்போது பாதத்தில் கத்தி பட்ட காயத்துக்கும் மருந்து கட்ட விடவில்லை.

"வாங்க சிஸ்டர்" என்றார் இருளாண்டி, பாயில் படுத்தபடி. சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "தம்பி வரலையா?"

"காட்டுங்கண்ணே" என்று விஜிதா துணியை விலக்கினாள்.

கால் விரல்கள் இரண்டு கறுத்துப்போயிருந்தன. அந்தக் கறுப்பு பாதத்தைத் தாண்டிக் கணுக்காலுக்கு ஏறி, அதற்கு மேலே சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. விஜிதா துணியை மறுபடி மூடினாள்.

"அண்ணே, இது வீட்டுல வச்சிருக்கிற காலில்ல. இப்பவே மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவும் வந்து அதத்தான் சொல்லிக் கத்திட்டுப் போனாரு. அவருக்கு என்ன தெரியும்? அவருக்கு விசுவாசம் இல்ல."

"எனக்கு இருக்குதானே அண்ணே? நான் சொல்றேன். போவோம்."

இருளாண்டி அவளை இரக்கத்தோடு பார்த்தார். காய்ச்சலில் கண் மினுங்கியது. "தம்பி வயித்துல தேங்காய் மாதிரி இருந்த கட்டியவே கரைச்ச ஆண்டவருக்கு, என் காலு ஒரு பெரிய வேலையா? பாதியில போய் நான் ஊசியப் போட்டா, அவர நம்பலன்னு ஆகிருமே. தம்பி என்ன ஊசி போட்டுக்கிட்டா சொகமானாரு?"

போட்டுக்கொண்டுதான் சுகமானான் என்று விஜிதாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த மருந்துதான் கட்டியைச் சுருக்கியது. தர்சன் தன் சாட்சியில் மருந்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லுவதில்லை. சொன்னால் சாட்சிக்கு எடுப்பு இருக்காது.

வெளியே வந்ததும் நல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மவன் கத்தார்ல இருந்து போன்ல அழுறான். எங்க யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குறாரு விஜி. தம்பி ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு. தம்பிய மட்டுந்தான் நம்புறாரு. காலப் புடிச்சுக் கேக்குறேன்டி."

நல்லம்மா நிஜமாகவே குனிந்தாள். விஜிதா பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் விஜிதா. அயலவரை நேசிக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் நம் சோற்றில் ஒரு கோப்பை கொடுப்பது, காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது, இவ்வளவுதான் அன்பு என்று அவளும் நம்பியிருந்தாள். அதையெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் செய்துமிருக்கிறாள். இன்றைக்குக் கேட்கப்படுவது கஞ்சி இல்லை. தர்சனிடம் மிச்சமிருக்கிற ஒரே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். அவளுக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது.

வீட்டு வாசலில் நிரஞ்சனி குறுக்கே நின்றாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கிற பிள்ளை. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அம்மா, நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். செய்யாதீங்க."

"தள்ளு நிரஞ்சி."

"தள்ள மாட்டேன். அப்பாக்கு இருக்கிறதே அந்த நம்பிக்கை ஒண்ணுதான். அதுலதான் எழும்புறாரு, அதுலதான் குளிக்கிறாரு. நீங்க சொன்னீங்கன்னா இன்னைக்கே படுத்துருவாரு."

"அந்த நம்பிக்கையில பக்கத்து வீட்டு மனுஷன் சாகப் போறாருடி."

"பெரியப்பா எவ்வளவு காலமா நம்மளக் கிண்டல் பண்ணினாரு? அவருக்காக நம்ம அப்பாவக் கொல்லணுமா?"

விஜிதாவின் கை தானாக உயர்ந்தது. அடிக்கவில்லை. பிள்ளை சொன்னதில் பிழை இருந்தால்தானே அடிப்பதற்கு. அவளுக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான். பிறகு மகளின் தோளைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

தர்சன் எழும்பிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கோப்பை கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், குடித்த மாதிரி உதட்டைத் துடைத்தான்.

"நல்லம்மா அக்கா கூப்பிட்டாங்களே, அண்ணனுக்கு ஜெபம் பண்ணணுமா?" என்றான். "சட்டைய எடு. போய்ட்டு வந்துருவோம்."

"என்னங்க, கண்டியில நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் சிரித்தான். "நீயா? பொய்யா?"

"கட்டி இன்னும் இருக்காம்ங்க. கூடியிருக்காம். ஈரலுக்கும் போயிருச்சாம். இனி மருந்து ஏத்த ஏலாதாம்." ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல முடியாது என்று தெரியும்.

தர்சனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்து வைக்க மறந்துவிட்டான். பிறகு, "டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றான். பிறகு, "ஸ்கேன்ல நிழல் விழுந்திருக்கும்" என்றான். பிறகு கையிலிருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தான். கஞ்சி அலுமாரிக் கதவெல்லாம் வழிந்தது.

"ஒரு வாரமா வச்சிருந்தவ, இன்னைக்கு ஏன்டி சொல்ற?"

"இருளாண்டி அண்ணனுக்காக."

"அப்ப எனக்காக இல்ல."

"இல்லங்க. உங்களுக்காகன்னா கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு விஜிதா அழுதாள். அவன் அவளைத் தேற்றவில்லை. எழுந்து, "வெளிய போ" என்றான். போனதும் கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளேயிருந்து தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம் கேட்டது. நிரஞ்சனி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருளாண்டி அனத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இவன். நடுவில் விஜிதா நின்றாள். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. திட்டத்தான் வந்தது. திட்டினாள்.

கதவு திறந்தபோது தர்சன் சட்டை போட்டிருந்தான். கூட்டங்களுக்குப் போடுகிற அந்த வெள்ளைச் சட்டை இல்லை, லொறி ஓட்டப் போகிறபோது போடுகிற பழைய சட்டை. முகம் கழுவவில்லை. அவளைத் தாண்டிப் போய், பக்கத்துக் காம்பராவுக்குள் நுழைந்தான். அந்த நாலடிக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி வந்துட்டாரு" என்றார் இருளாண்டி. எழும்பப் பார்த்தார். "கை வைங்க தம்பி. கால்ல வைங்க."

தர்சன் பாய்க்குப் பக்கத்தில் குந்தினான். கால்மேல் கை வைக்கவில்லை. இருளாண்டியின் கையைப் பிடித்து, தன் சட்டையை உயர்த்தி, தன் வயிற்றின்மேல் வைத்தான்.

"அமத்திப் பாருங்கண்ணே. பயப்படாம அமத்துங்க."

இருளாண்டியின் விரல்கள் தயங்கித் தயங்கி அழுத்தின. நெற்றி சுருங்கியது. "என்ன தம்பி இது, கல்லு மாதிரி இருக்கே."

"அதுதான்ணே. கரையல. முந்தி இருந்தத விடப் பெருசா இருக்கு."

"சாத்தான் ஒங்களச் சோதிக்கிறான் தம்பி."

"சாத்தான் இல்லண்ணே. முதல்ல கொஞ்சம் சுருங்குச்சு. அதுவும் ஆஸ்பத்திரி மருந்துல. நான் கரைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். மருந்த விட்டேன், திரும்ப வந்துருச்சு. டொக்டர் கைய விட்டுட்டாரு." தர்சன் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். கூட்டிச் சொல்லவில்லை. கூட்டாமல் அவன் பேசி விஜிதா கேட்டது அதுதான் முதல் தடவை.

இருளாண்டி கையை எடுத்துக்கொண்டார். வெகு நேரம் கூரைத் தகரத்தைப் பார்த்தார். ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"அப்ப நான் யார நம்பினேன்?"

"என்னைய நம்பிட்டீங்கண்ணே."

நல்லம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் இருளாண்டியே அவளிடம், "புள்ள, கட்டிக்க அந்தச் சாரத்த எடு. வண்டி கூப்பிடச் சொல்லு" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டினார், தூக்கச் சொல்லி.

பலாபத்வலைச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற முனாஸ், விஜிதா போன் எடுத்த கையோடு வந்து சேர்ந்தார். லயத்து வாசல் வரைக்கும் அந்தக் கரடுமுரடான பாதையில் வண்டியை ஏற்றிவிட்டார். இருளாண்டியின் காலைப் பார்த்ததும், "யா அல்லாஹ்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்தக் காலுக்குக் கீழே மடித்து வைத்தார்.

"இவ்வளவு நாளும் இத வச்சிக்கிட்டு எப்படி இரிந்தீங்க? எங்கட உம்மாவுக்கும் இதே சீனி வருத்தம்தான். ஒரு நாள் ஊசி தப்பினா நாங்க பட்ட பாடு இரிக்கே."

நல்லம்மா அந்தத் துவாயின் ஓரத்தை இழுத்துவிட்டாள். முனாஸும் அதற்கு மேலே கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

தர்சனை வீட்டில் இருக்கச் சொன்னாள் விஜிதா. கேட்கவில்லை. முனாஸுக்குப் பக்கத்தில், டிரைவர் சீற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தான். மாத்தளை வரைக்கும் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டே வந்தான்.

வழியில் பாஸ்டர் விஜிதாவுக்குப் போன் எடுத்தார். லயத்திலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். விஜிதா முந்தானையால் காதை மூடிக்கொண்டு பேசினாள்.

"என்ன சிஸ்டர் இது, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே? பிரதர்ட சாட்சியால எத்தன பேர் சபைக்கு வந்தாங்க. இப்ப அவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க?"

"ஒருத்தருக்குக் கால் அழுகிருச்சு பாஸ்டர்."

பாஸ்டரும் கெட்ட மனுஷன் இல்லை. இருளாண்டிக்கு வாராவாரம் பாணும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். காயத்தை மட்டும் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. "நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றார் கடைசியில். பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருளாண்டியைப் பார்த்த டொக்டர் சின்ன வயதுப் பெண். சிங்களத்தில்தான் பேசினாள். காலைப் பார்த்தாள், இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள், திரும்ப வந்து நல்லம்மாவிடம் சொல்லத் தொடங்கினாள். நல்லம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தை விஜிதா தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக டொக்டர் வாயிலிருந்து வந்ததைச் சுமக்கிற வேலை அவளுக்கு.

"முழங்காலுக்கு மேல வெட்டணுமாம்க்கா. விஷம் ரத்தத்துல கலந்திருச்சாம். வெட்டினாலும்... ஒண்ணும் சொல்ல ஏலாதாம்."

நல்லம்மா அழவில்லை. "எப்ப வெட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டொக்டர் கோபப்பட்டாள். ஊசியை ஏன் நிறுத்தினீர்கள், யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டாள். நல்லம்மா நிலத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கமாகச் சுவரில் சாய்ந்து நின்ற தர்சன், "என்னாலதான்" என்று சிங்களத்தில் சொன்னான். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் யார் என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவனையும் ஒரு டொக்டரிடம் காட்டுங்கள் என்று விஜிதாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இருளாண்டியைத் தள்ளுவண்டிலில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன், தர்சன் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அண்ணே. ஜெபம் பண்ணட்டுமா?"

இருளாண்டி கண்ணைத் திறந்தார். கோபமில்லை. அது இருந்தாலாவது தாங்கியிருக்கலாம்.

"வேணாம் தம்பி" என்றார். "நீ போய்ப் படு. ஒனக்கும் மேலுக்கு ஏலாதே."

கதவு மூடிக்கொண்டது. தர்சன் குனிந்த குனியிலேயே நின்றான். விஜிதா போய் அவன் முதுகில் கை வைத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் அவள் கையைத் தட்டிவிடவில்லை. அவ்வளவுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது.

நல்லம்மாவுக்குத் துணையாக இரவு நிற்கிறேன் என்றாள் விஜிதா. நல்லம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். "நீ ஒன் புருஷனப் பாரு" என்றாள். அதில் வெறுப்பு இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று விஜிதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள். ஆஸ்பத்திரிக் கடையில் இரண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். நல்லம்மா வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விஜிதாவும் எதிர்பார்க்கவில்லை.

முனாஸின் த்ரீவீலில் திரும்பி வருகிற வழியில் தர்சன் பின் சீற்றில் அவளோடு உட்கார்ந்தான். லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்புள்ளைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் தர்சனை அடையாளம் கண்டு ஹோன் அடித்தான். இவன் கை உயர்த்தவில்லை.

"விஜி, டொக்டர் வேற என்ன சொன்னாரு? முழுசாச் சொல்லு."

அவள் சொன்னாள். வலி எப்படிக் கூடும், சாப்பாடு எப்படிக் குறையும், கடைசியில் என்னவாகும் என்று, கேட்டதையெல்லாம் சொன்னாள். முனாஸ் கண்ணாடியில் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"ம்" என்றான் தர்சன். "அப்ப ஆண்டவர் பேரச் சொல்லி ஊர் ஊராப் போய் பொய் சொல்லியிருக்கேன்."

"நமக்குத் தெரியாதுங்க."

"ஒனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சுருங்கியிருக்குன்னுதானே சொன்னாங்க."

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று சபையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். குறையவில்லை. ஒரு வீட்டில் ஒரு மனுஷனுக்குக் கால் போகப் போகிறது, உயிர் நிற்குமா தெரியாது. இன்னொரு வீட்டில் இன்னொரு மனுஷன், நேற்று வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தவன், இப்போது செத்தவனைப் போல உட்கார்ந்திருக்கிறான். செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியைச் செய்துவிட்டு இப்படி வெறும் கையோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு நிரஞ்சனி ஓடி வந்தாள். காலையிலிருந்த கோபம் முகத்தில் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"அம்மா, ஒரு அக்கா வந்திருக்காங்க. கலேவெலயில இருந்தாம். பகல்ல இருந்து அப்பாவப் பாக்கணும்னு காத்துக்கிட்டிருக்காங்க. போகச் சொன்னேன், போக மாட்டேங்குறாங்க."

இஸ்தோப்பில் ஒரு இளம் பெண் உட்கார்ந்திருந்தாள். நிரஞ்சனியைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பாள். மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் நெற்றியில் காய்ந்த காயம், உதட்டில் பல் பட்ட தழும்பு. தர்சனைக் கண்டதும் அவள் முகமெல்லாம் மலர்ந்தது. எழுந்து, குழந்தையைத் தூக்கி, இவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஐயா, கலேவெலக் கூட்டத்துல ஒங்க சாட்சியக் கேட்டேன். கடைசி வரிசையில இருந்தேன். அன்னைக்குத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. புள்ளைக்கு வலிப்பு. பொறந்ததுல இருந்து. நீங்க கை வச்சாப் போதும்."

தர்சன் குழந்தையோடு அப்படியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தை தூக்கத்தில் அவன் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது.

அவன் விஜிதாவை நிமிர்ந்து பார்த்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கேட்கட்டும் என்று அவன் விட்டுவிடுவான் என்றுதான் விஜிதா நினைத்தாள். வாயைத் திறந்தும்விட்டாள். அதற்குள் அவனே கேட்டான்.

"புள்ளைக்கு மருந்து குடுக்குறீங்களாம்மா?"

அந்தப் பெண் பெருமையாகச் சிரித்தாள்.

"இல்லீங்கய்யா. ஒங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே நிறுத்திட்டேன்."